பயனரின் உணர்ச்சிக்கு யார் பெயரிடுவது?

அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா ஆய்வகத்தில் எசான் ஹோக், ரோசலிண்ட் பிக்கார்ட் ஆகியோர் நடத்திய சோதனை ஒன்றின் முடிவுகள் 2012-இல் வெளியாயின. பங்கேற்றவர்கள் கணினியில் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். எல்லாவற்றையும் நிரப்பிச் சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்தினால், எழுதியதெல்லாம் அழிந்து படிவம் மறுபடி வெறுமையாக வந்து நிற்கும். எரிச்சலூட்டவே திட்டமிட்டு அமைத்த படிவம் அது. எரிச்சலை நடித்துக் காட்டும்படி சொன்னபோது பத்தில் ஒன்பது பேர் சிரிக்கவில்லை; படிவம் உண்மையிலேயே எரிச்சலூட்டியபோது பத்தில் ஒன்பது பேர் சிரித்தார்கள். சிரிப்பைக் கண்டவுடன் மகிழ்ச்சி என்று கணக்கெழுதும் எந்த மென்பொருளும் அந்தப் படிவத்துக்கு நல்ல மதிப்பெண் கொடுத்திருக்கும். பிக்கார்ட் 1997-இல் எழுதிய நூலின் மூலம் உணர்ச்சிசார் கணிமை என்ற துறைக்கு அடித்தளமிட்டவர். முகபாவங்களைக் கணினியால் படிக்கும் அஃபெக்டிவா நிறுவனத்தை 2009-இல் ராணா எல் கலியூபியுடன் சேர்ந்து தொடங்கியவர். துறையை உருவாக்கியவரே முன்வைத்த சான்று என்பதால் இதன் கனம் கூடுகிறது.

செயலிகளையும் இணையதளங்களையும் வடிவமைப்பவர்கள் பயனரின் உணர்ச்சியை அளக்க முற்படுவது இன்று வழக்கமாகிவிட்டது. கேமரா முகத்தைப் பார்க்கிறது, கைப்பட்டை தோலின் வியர்வையைக் கணக்கிடுகிறது, மென்பொருள் விமர்சனங்களைப் படித்து நல்லது, கெட்டது எனப் பிரிக்கிறது, திரையின் மூலையில் ஐந்து முகக்குறிகள் வந்து நம்மைத் தேர்ந்தெடுக்கச் சொல்கின்றன. இந்த முயற்சியே தவறு என்று நான் கருதவில்லை. ஆனால் இவை எல்லாம் அளப்பது உணர்ச்சி விட்டுச்செல்லும் தடயத்தை மட்டுமே. தடயத்துக்குப் பொருள் தருவது சூழல். அந்தச் சூழலை முழுதாக அறிந்தவர் பயனர் ஒருவரே. எனவே எந்த இடத்தில் பயனரிடம் கேட்க வேண்டும் என்பதை அளவீடு காட்டலாம். அவர் என்ன உணர்ந்தார் என்று தீர்ப்பெழுதும் அதிகாரம் அதற்கு இல்லை. தடயத்தையே அடைய வேண்டிய இலக்காக மாற்றும்போது தவறு இன்னும் பெரிதாகிறது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

உணர்ச்சியை அளக்கும் ஆவல் வெறும் வணிக மோகத்தில் பிறந்ததல்ல. 1986-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் ஜான் புரூக் உருவாக்கிய பத்துக் கேள்விகள் கொண்ட படிவம் இன்றும் பயன்பாட்டு எளிமையை மதிப்பிட உதவுகிறது. அது பெரும்பாலும் சிக்கலா, எளிதா, கற்றுக்கொள்ள முடிகிறதா என்பதையே கேட்டது. நேரத்தையும் பிழைகளையும் எண்ணுவதே அக்காலத்தின் அளவுகோல். 1995-இல் ஜப்பானில் மசாகி குரோசு, காவோரி காஷிமுரா ஆகியோர் ஏடிஎம் திரையின் 26 வடிவங்களை மக்களிடம் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். அழகாகத் தெரிந்த திரையே பயன்படுத்த எளிதானது என்றும் மக்கள் கருதினார்கள். இஸ்ரேலில் நோவாம் டிராக்டின்ஸ்கி அதே சோதனையைச் செய்துபார்த்தபோதும் இந்தத் தொடர்பு வலுவாகவே வெளிப்பட்டது. 2004-இல் டொனால்ட் நார்மன் எமோஷனல் டிசைன் நூலில், ஒரு பொருள் நம்மைப் பார்த்தவுடன் ஈர்ப்பது, பயன்படுத்தும்போது திருப்தி தருவது, பிறகு நினைத்துப் பார்க்கையில் பொருள்படுவது என மூன்று தளங்களைப் பிரித்துக் காட்டினார். 2010-இல் கூகுள் ஆய்வாளர்கள் வகுத்த ஹார்ட் என்னும் ஐந்து அளவைகளின் பட்டியலில் முதலிடம் மகிழ்ச்சிக்குத்தான். ஒருவர் பிழையின்றி, விரைவாக வேலையை முடித்துவிட்டு, பிறகு அந்தச் செயலியைத் திறக்கவே விரும்பாமல் போகலாம் என்ற உண்மையை நேரக் கணக்கு விளக்க முடியாது. அந்த இடைவெளியை நிரப்பவே உணர்ச்சி அளவீடு வந்தது. தேவை உண்மையானது. நாம் பார்க்க வேண்டியது, கையிலுள்ள கருவிகள் அந்தத் தேவையை நிறைவேற்றுகின்றனவா என்பதை.

முதலில் உடலைப் படிக்கும் கருவிகள். தோலின் மின்கடத்தும் திறன், வியர்வைச் சுரப்பிகள் இயங்குவதற்கேற்ப மாறும். அதை அளந்தால் உடல் எவ்வளவு விழிப்புற்றது என்று தெரியும். அந்த விழிப்பு இனிமையானதா, கசப்பானதா என்று தெரியாது. 1980-இல் ஜேம்ஸ் ரஸ்ஸல் உணர்ச்சிகளை இரண்டு அச்சுகளில் அமைத்துக் காட்டினார்: ஒன்று இனிமை முதல் கசப்பு வரை, மற்றொன்று அமைதி முதல் கிளர்ச்சி வரை. தோல் சென்சார் இரண்டாவது அச்சை மட்டுமே தொடுகிறது. அச்சத்திலும் அதன் கோடு உயரும், உற்சாகத்திலும் உயரும். ஆழ்ந்து மூச்சிழுத்தாலோ இருமினாலோகூட உயரும். முகத்தைப் படிக்கும் மென்பொருளின் நிலையும் இதுவே. பால் எக்மனும் வாலஸ் ஃபிரீசனும் 1978-இல் வெளியிட்ட முகக் குறியீட்டு முறை, எந்தத் தசை எப்படி அசைகிறது என்பதை விவரிக்கும் நுட்பமான வேலை. தசையசைவு என்ற அந்த விவரணையிலிருந்து இவர் கோபமாக இருக்கிறார் என்ற முடிவுக்குத் தாவுவதற்கு இன்னொரு சான்று வேண்டும். அந்தச் சான்று உண்டா என்று ஆராய அமெரிக்காவின் உளவியல் அறிவியல் சங்கம் கேட்டுக்கொண்டதன் பேரில், லிசா ஃபெல்ட்மன் பாரெட் உள்ளிட்ட ஐந்து அறிஞர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்து 2019-இல் அறிக்கை வெளியிட்டார்கள். கோபம் வந்தவர்கள் புருவம் நெரித்து முகம் கடுப்பது சுமார் 30 விழுக்காடு நேரங்களில்தான். மீதி நேரங்களில் கோபம் வேறு வழிகளில் வெளிப்படுகிறது, அல்லது வெளியே தெரிவதே இல்லை. கோபம் இல்லாதவர்களும் முகம் சுளிக்கிறார்கள். சிந்தனையில் ஒரு சிக்கல் குறுக்கிடும்போது புருவம் நெரிவதை 1872-இலேயே சார்லஸ் டார்வின் பதிவு செய்திருக்கிறார். வருமான வரிப் படிவத்தின் ஒரு கட்டத்தைக் கூர்ந்து படிக்கும் மனிதரின் முகத்தில் கேமரா காண்பது அந்தக் கவனத்தைத்தான்.

எழுத்தைப் படிக்கும் மென்பொருளுக்கு வேறு விதமான சிக்கல். தமிழர்கள் இணையத்தில் எழுதும் தமிழ் பெரும்பாலும் ஆங்கிலம் கலந்தது; பல நேரங்களில் ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சு செய்யப்படுவது. இத்தகைய கலப்பு நடையில் எழுதப்பட்ட 15,744 யூடியூப் பின்னூட்டங்களைத் திரட்டி, மனிதர்களைக் கொண்டு தரம்பிரித்து, ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்டார்கள். நேர்மறை, எதிர்மறை என்ற இரண்டோடு நிற்காமல், கலவையான உணர்வு, உணர்வு புலப்படாதது ஆகியவற்றுக்கும் அதில் தனி வகைகள் வைக்க வேண்டியிருந்தது. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. ஒரு வங்கிச் செயலியின் பக்கத்தில் ஐந்து நட்சத்திரத்துடன் ஒருவர் இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்வோம்: ‘சூப்பர் ஆப். ஓடிபி மட்டும் மறுநாள் வரும். ரொம்ப நன்றி, இன்னும் நல்லா பண்ணுங்க.’ நட்சத்திரத்தை எண்ணினால் முழுத் திருப்தி. சொற்களை எண்ணினால் சூப்பர், நன்றி, நல்லா என்று மூன்று நேர்மறைச் சொற்கள். எதிர்மறையாக ஒரு சொல்கூட இல்லை. ஓடிபி சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும் என்று அறிந்த வாசகருக்கு மட்டுமே இது கடுங்கோபம் என்று புரியும். அந்தக் கோபம் அந்தச் சொற்களில் எதிலும் தங்கியிருக்கவில்லை. ஓடிபி எதற்கானது, தாமதமானால் என்ன ஆகும் என்ற உலகறிவில் இருக்கிறது.

சூழலே பொருளைத் தருகிறது என்பதை அன்றாடம் நடக்கும் ஒரு பரிவர்த்தனையில் இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். மளிகைக் கடையில் ஒருவர் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து, 340 ரூபாய் என்று அடித்து, பின் நம்பரையும் போட்டுவிட்டார். திரையில் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது. பணம் எடுக்கப்பட்டதாக வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வந்துவிட்டது. பணம் வந்தால் குரல் கொடுக்க வேண்டிய கடைக்காரரின் ஸ்பீக்கர் பேசவில்லை. பின்னால் இரண்டு பேர் நிற்கிறார்கள். இந்த நொடியில் அவர் கையில் சென்சார் இருந்தால் கோடு செங்குத்தாக ஏறும். ஆனால் ஏறியது எதனால்? மாதக் கடைசியில் கணக்கில் இருந்ததே அவ்வளவுதான் என்றால், அது பணம் போய்விடுமோ என்ற பயம். கணக்கில் பணம் நிறைய இருந்தால், தன்னை ஏமாற்றுக்காரன் என்று கடைக்காரர் நினைப்பாரோ என்ற கூச்சமாக இருக்கலாம். வரிசையில் நிற்பவர்கள் பொறுமை இழப்பதால் வரும் பதற்றமாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் தீர்வு வேறு. பணம் போய்விடும் என்ற பயத்துக்கு மருந்து உறுதியான தகவல்: ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் பிறப்பித்த விதிப்படி, கடைக்குச் செலுத்திய யுபிஐ பணம் உரியவருக்குச் சேர்ந்ததாக உறுதியாகாவிட்டால், பரிவர்த்தனை நாளுக்குப் பின் ஐந்து நாட்களுக்குள் அது தானாகவே திரும்ப வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இந்த ஒரு வரி திரையில் தெரிந்தாலே பயம் கணிசமாகக் குறையும். கூச்சத்துக்கு இந்த வரி பயன்படாது; கடைக்காரரிடம் காட்டத்தக்க, அவரும் நம்பத்தக்க ஒரு சான்று வேண்டும். பதற்றத்துக்கு வேண்டியது, காத்திருக்கலாமா அல்லது ரொக்கமாகக் கொடுத்துவிடலாமா என்று சில நொடிகளில் முடிவெடுக்க உதவும் தெளிவான நிலை. சென்சாரின் கோடு மூன்றுக்கும் ஒன்றே. அந்தக் கோட்டை மட்டும் நம்பிய வடிவமைப்பாளர், சுழலும் வட்டத்தின் நிறத்தை மாற்றிப் பார்ப்பதோடு நின்றுவிட நேரும்.

பயனரிடமே கேட்பது நம்பத்தக்கதா என்பது இங்கே எழும் நியாயமான மறுப்பு. மனிதர்கள் தம் அனுபவத்தைத் தவறாக நினைவுகூர்கிறார்கள் என்பதற்கு வலுவான சான்று உண்டு. டொனால்ட் ரெடல்மையரும் டேனியல் கானமனும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், குடல் உள்நோக்குப் பரிசோதனைக்கு உள்ளான 154 நோயாளிகள் தம் வலியை நிமிடத்துக்கு நிமிடம் பதிவு செய்தார்கள். பிறகு கேட்டபோது அவர்கள் நினைவில் நின்றது உச்சகட்ட வலியும் கடைசி நிமிடங்களின் வலியுமே. எவ்வளவு நேரம் வலித்தது என்பதற்கு அந்த நினைவில் ஏறக்குறைய இடமே இல்லை. முகத்துக்கு நேராகக் கேட்டால் ‘நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்லும் மரியாதைப் பழக்கமும் நம்மிடம் வேரூன்றியது. இந்தக் குறைகளை நான் மறுக்கவில்லை. ஆனால் அவை எதைப் பாதிக்கின்றன என்று பார்க்க வேண்டும். நினைவு பிழைப்பது உணர்ச்சியின் அளவிலும் கால நீளத்திலும்தான் மிகுதி. அந்த உணர்ச்சி எதைப் பற்றியது, எதை இழப்போம் என்று அஞ்சினார், யார் முன்னால் கூசினார் என்பதற்குப் பயனரைவிட நல்ல சாட்சி கிடையாது. அளவைப் பற்றிய பிழையைக் குறைக்கவும் வழிகள் உண்டு. அனுபவம் நடக்கும்போதோ அடுத்த சில நிமிடங்களிலோ கேட்கலாம். மார்கரெட் பிராட்லி, பீட்டர் லாங் ஆகியோர் 1994-இல் விவரித்த பட அளவுகோலும், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் டெஸ்மெட் உருவாக்கிய கேலிச்சித்திரப் பாத்திரங்களும், சொல் தேட முடியாதவரையும் சுட்டிக்காட்ட வைக்கின்றன. எல்லாவற்றிலும் பயனுள்ளது இரண்டையும் இணைப்பது: சோதனையைப் பதிவு செய்து, சென்சாரின் கோடு ஏறிய இடத்தில் காணொளியை நிறுத்தி, இங்கே என்ன நடந்தது என்று கேட்பது. கருவி இடத்தைக் காட்டுகிறது, மனிதர் பொருளைச் சொல்கிறார். இரண்டும் தத்தம் வேலையைச் செய்கின்றன.

அளவீட்டை இலக்காக மாற்றினால் என்ன நேரும் என்பதற்கு ஃபேஸ்புக்கின் வரலாறு தெளிவான பாடம். 2016 பிப்ரவரியில் அந்நிறுவனம் லைக் பொத்தானுடன் அன்பு, சிரிப்பு, வியப்பு, சோகம், கோபம் ஆகியவற்றுக்கும் குறிகளைச் சேர்த்தது. பயனர் தம் உணர்ச்சியைத் தாமே தேர்ந்து சொல்வதால் இது மேலான அளவீடு என்றே தோன்றும். ஆனால் அதன் முன்னாள் ஊழியர் ஃபிரான்சஸ் ஹாகன் வெளிக்கொணர்ந்த ஆவணங்களை வைத்து வாஷிங்டன் போஸ்ட் 2021 அக்டோபரில் எழுதியபடி, 2017 முதல் இந்தக் குறிகள் ஒவ்வொன்றும் ஐந்து லைக்குக்குச் சமமாக எடைபோடப்பட்டன. கோபக் குறியும் அதில் அடக்கம். அதிகக் குறிகள் பெறும் பதிவுகள் பயனரை அதிக நேரம் தக்கவைக்கும் என்பது அதன் அடிப்படை. ஒருவர் கோபத்தை அழுத்தினால் அவருக்கு அது வேண்டாதது என்றும் பொருள் இருக்கலாம். அல்காரிதமோ அதைக் கூடுதல் ஈடுபாடாக எடுத்துக்கொண்டது. கோபக் குறி குவியும் பதிவுகளில் பொய்த்தகவலும் நச்சுப் பேச்சும் தரமற்ற செய்தியும் மிகுதி என்று நிறுவனத்தின் தரவு ஆய்வாளர்களே 2019-இல் உறுதி செய்தார்கள். 2018-இல் கோபத்தின் எடை சற்றுக் குறைக்கப்பட்டு, 2020 செப்டம்பரில் பூஜ்யமாக்கப்பட்டது. பயனர்களின் செயல்பாடு அதனால் குறையவில்லை. அவர்கள் கண்ணில் படும் பொய்த்தகவல் குறைந்தது. பயனர் சொன்ன உணர்ச்சிகூட, அவர் எதற்காகச் சொன்னார் என்பதைக் கேட்காமல் ஒரு எண்ணாகச் சுருக்கப்பட்டு, அந்த எண்ணைப் பெருக்குவதே நோக்கமாகும்போது, தயாரிப்பு பயனரைப் புரிந்துகொள்வதை விட்டு அவரைத் தூண்டும் வேலையில் இறங்கிவிடுகிறது. அளப்பதற்கும் மாற்றுவதற்கும் இடையிலுள்ள கோடு எவ்வளவு மெல்லியது என்பதை அதே நிறுவனத்தின் இன்னொரு ஆய்வும் காட்டியது. 2012 ஜனவரியில் ஒரு வாரம், 6,89,003 பேரின் பக்கங்களில் நேர்மறை அல்லது எதிர்மறைச் சொற்கள் கொண்ட பதிவுகளைக் குறைத்து, அவர்கள் எழுதும் சொற்கள் மாறுகின்றனவா என்று எண்ணினார்கள். கிடைத்த மாற்றம் மிகச் சிறியது. 2014-இல் ஆய்வு வெளியானபோது, இதற்கெனத் தனி ஒப்புதல் பெறவில்லை என்பதே பெரிய கேள்வியானது. வெளியிட்ட இதழே கவலை தெரிவித்துக் குறிப்பு எழுதியது.

தனித்தனியே பார்த்தால் பிழை இருக்கும், இலட்சக்கணக்கானோரின் தரவைச் சேர்த்தால் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு உண்மை தெரியும் என்பார்கள். திசையில்லாத பிழைகளுக்கு இது பொருந்தும். எரிச்சலில் பத்தில் ஒன்பது பேர் சிரிப்பது திசையுள்ள பிழை. எத்தனை இலட்சம் பேரைச் சேர்த்தாலும் அது ஒரே பக்கமே சாயும். தரவைத் திரட்டும் தருணமும் இப்படிச் சாய்க்க வல்லது. பணம் வெற்றிகரமாகச் சென்ற கையோடு மதிப்பிடச் சொல்லும் செயலி, தோல்வியுற்றுச் செயலியையே நீக்கிவிட்டவரின் உணர்ச்சியை ஒருநாளும் அறியாது. தொழில்நுட்பம் வளரும், இன்றைய குறை நாளை தீரும் என்பது அடுத்த வாதம். இதற்கும் ஆதாரம் உண்டு: முதலில் சொன்ன எம்.ஐ.டி. ஆய்விலேயே, எரிச்சல் சிரிப்பையும் மகிழ்ச்சிச் சிரிப்பையும் அவை எழுந்து அடங்கும் வேகத்தைக் கொண்டு 92 விழுக்காடு சரியாகப் பிரித்தது கணினி. மனிதர்களோ ஏறக்குறைய பாதி அளவுக்கே சரியாகச் சொன்னார்கள். ஆனால் அங்கே இருந்த சூழல்கள் இரண்டே: கெட்ட படிவம் ஒன்று, குழந்தை சிரிக்கும் இனிய காணொளி ஒன்று. இரண்டையும் அமைத்தவர்கள் ஆய்வாளர்கள். சூழல் முன்கூட்டியே தெரிந்த ஆய்வகத்தில் கிடைத்த துல்லியத்தைத் தெருவிலும் வீட்டிலும் பெற வேண்டுமானால், இயந்திரத்துக்கு அந்தச் சூழலையும் கொடுக்க வேண்டும்: வங்கி இருப்பு, பக்கத்தில் நிற்பவர், அவரோடுள்ள உறவு, காலையில் வீட்டில் நடந்த சண்டை. துல்லியம் கூடக்கூட வேவு பார்ப்பதும் கூடும். ஒரு கேள்வியால் பெறக்கூடிய பதிலுக்கு இந்த விலை நியாயமற்றது. எண் இல்லாவிட்டால் நிர்வாகம் செவிசாய்க்காது என்ற நடைமுறை வாதத்தையும் மதிக்க வேண்டும். பயனர் தாமே பெயரிட்ட உணர்ச்சிகளையும் எண்ணலாமே. தோல்வியுற்ற பரிவர்த்தனைகளில் எத்தனை பேர் பணம் போய்விடும் என்று அஞ்சியதாகச் சொன்னார்கள் என்பதும் எண்தான். அது எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதையும் உடன் சொல்கிறது. கூகுளின் ஹார்ட் முறையை வகுத்தவர்களும் முதலில் நோக்கம், பிறகு அதன் அறிகுறி, கடைசியில்தான் எண் என்ற வரிசையையே பரிந்துரைத்தார்கள்.

சட்டமும் நிறுவனங்களும் இந்தத் திசையில் நகரத் தொடங்கிவிட்டன. 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட், முகத்திலிருந்து உணர்ச்சியை ஊகிக்கும் வசதியைத் தன் சேவையிலிருந்து விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. உணர்ச்சி என்றால் என்ன என்பதிலேயே அறிவியலில் ஒருமித்த கருத்து இல்லை என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், பணியிடங்களிலும் கல்வி நிலையங்களிலும் மனிதர்களின் உணர்ச்சியை ஊகிக்கும் அமைப்புகளை, மருத்துவத் தேவைக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்களித்து, 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்துள்ளது. முதலாளிக்கும் ஆசிரியருக்கும் முன்னால் மறுக்கும் சுதந்திரம் ஊழியருக்கும் மாணவருக்கும் குறைவு என்ற புரிதல் அதன் பின்னால் இருக்கிறது. இந்தியாவில் 2023-இல் இயற்றப்பட்ட எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலை வலியுறுத்துகிறது. ஆனால் கூடுதல் காப்பு தேவைப்படும் நுண்ணிய தரவு என்று தனி வகை எதையும் அது ஏற்படுத்தவில்லை. உணர்ச்சித் தரவு அத்தகைய காப்புக்கு முழுத் தகுதி உடையது. தொலைபேசி எண்ணை மாற்றிக்கொள்ளலாம். அச்சத்தில் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதை மாற்றிக்கொள்ள முடியாது.

இவற்றிலிருந்து வடிவமைப்பாளர் பின்பற்றத்தக்க ஒரு ஒழுங்கு கிடைக்கிறது. கருவியின் பதிவை முடிவாகக் கொள்ளாமல் கேள்வியின் தொடக்கமாகக் கொள்ள வேண்டும். உணர்ச்சியின் பெயரைப் பயனர் சொல்ல வேண்டும்; அத்துடன் அது எதைப் பற்றியது என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும். வெற்றியின் தருணத்தில் மட்டுமன்றித் தோல்வியின் தருணத்திலும், விட்டுச்சென்றவர்களிடமும் கேட்க வேண்டும். உணர்ச்சி மதிப்பெண்ணை அல்காரிதம் பெருக்கவேண்டிய இலக்காக ஒருபோதும் வைக்கக் கூடாது. அது சரிசெய்ய வேண்டிய காரணத்தைத் தேடுவதற்கான குறி மட்டுமே. அளக்கப்படுகிறோம் என்பதைப் பயனர் அறிந்திருக்க வேண்டும், வேண்டாம் என்று சொன்னாலும் சேவை குறையாமல் கிடைக்க வேண்டும். இந்த ஒழுங்கு வேலையைச் சற்று மெதுவாக்கும் என்பது உண்மை. கேமராவும் டேஷ்போர்டும் ஒரே நாளில் தரும் வண்ணப் படத்தைவிட, ஐம்பது பேரிடம் நிதானமாகக் கேட்டுப் பெறும் பதில் தாமதமாகவே வரும். ஆனால் பயத்தைக் கூச்சம் என்றும், எரிச்சலை மகிழ்ச்சி என்றும் பிழையாகப் படித்து உருவாகும் தயாரிப்பை இலட்சக்கணக்கானோர் நாள்தோறும் சுமக்க நேருமே, அந்தச் செலவை எந்த டேஷ்போர்டும் கணக்கில் காட்டுவதில்லை. அதைத் தவிர்க்கும் பொறுப்பு அளப்பவருடையது. தன் உணர்ச்சிக்குப் பெயரிடும் உரிமை அதை உணர்ந்தவருடையது.